பழைய பல், புதுச் செயின்

மோட்டார் சைக்கிளின் இஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரையுள்ள பாகங்களில் எதைக் காயலான் கடையில் வாங்கலாம், எதை வாங்கவே கூடாது? நாடெங்கும் பலருடைய பிழைப்பு இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

தில்லி கரோல்பாக்கின் நாயிவாலா சந்துகளில் பகல் பதினோரு மணிக்கு மேல் நடந்து போவதே பெரும்பாடு. கடைவாசலில், நடைபாதையில், சில இடங்களில் நடுத்தெருவிலேயே மோட்டார் சைக்கிள்கள் குடல் உருவப்பட்டுக் கிடக்கும். ஒரு பக்கம் பெட்ரோல் டாங்க், இன்னொரு பக்கம் சைலன்சர், நடுவே கிரீஸ் படிந்த கையோடு ஒரு பையன். இந்தக் கூட்டத்தில் அடிக்கடி தென்படும் முகம், நகரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பால் கொண்டுவரும் பால்காரருடையது. இருபுறமும் கேன்கள் தொங்கும் பழைய புல்லட். மூன்றாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரைத் திருகினால் கியர் தானாக நழுவிவிடுகிறது. வண்டி நின்றால் மறுநாள் காலைப் பால் போகாது.

கடைக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரிஜினலா, லோக்கலா, செகண்டா? கவுண்டரில் மூன்று பல்சக்கரங்கள் வந்து உட்காரும். ஒன்று கம்பெனி அட்டைப்பெட்டியில். இன்னொன்று பெயரில்லாத பிளாஸ்டிக் உறையில், வெள்ளி போலப் பளபளவென்று. மூன்றாவது ஏதோ ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றியது, செய்தித்தாளில் சுற்றியபடி எண்ணெய் வடிந்துகொண்டிருக்கும். பார்த்தவுடன் கை பளபளப்பை நோக்கித்தான் போகும். ஆனால் அந்த மூன்றில் தவிர்க்க வேண்டியது அநேகமாக அதுதான்.

இது கரோல்பாக் சமாச்சாரம் மட்டுமல்ல. தில்லிக்கே மாயாபுரி என்ற மாபெரும் பழைய இரும்புச் சந்தை உண்டு. கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், மும்பைக்கு சோர் பஜார், பெங்களூருக்கு சிவாஜிநகர், சென்னைக்குப் புதுப்பேட்டை. 2022இல் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி இந்தியாவில் பதிவாகியிருந்த இருசக்கர வாகனங்கள் 21 கோடிக்கும் அதிகம். இவற்றில் பெரும்பகுதி சவாரி சுகத்துக்காக வாங்கப்பட்டவை அல்ல. பால், காய்கறி, சிலிண்டர், கூரியர் கவர், ஓட்டல் சாப்பாடு என்று எதையாவது சுமந்து வீட்டுச் செலவைச் சம்பாதிப்பவை. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு 'புதுசா, பழசா?' என்பது மளிகைக் கணக்கைப் போன்ற தினசரிக் கேள்வி.

இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து பிறக்கும் சக்தி பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழி நீளமானது. முதலில் கிளட்ச், பிறகு கியர் பாக்ஸ், அதன் வெளிமுனையில் சிறிய பல்சக்கரம், அதிலிருந்து செயின், பின்னால் பெரிய பல்சக்கரம், ஹப்புக்குள் உதறலை வாங்கிக்கொள்ளும் ரப்பர் துண்டுகள். இந்த வழியில் இரண்டு ஜாதிப் பாகங்கள் இருக்கின்றன. தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை ஒரு ஜாதி. செயின், கிளட்ச் பிளேட், ரப்பர், ஆயில் சீல் எல்லாம் இதில் அடக்கம். தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை இன்னொரு ஜாதி: கியர்கள், அவை ஓடும் ஷாஃப்ட்டுகள், வெளிக்கூடு. முதல் ஜாதியைப் பழையதாக வாங்குவது அடுத்தவர் கடித்துப்போட்ட கரும்பை வாங்குவது போல. இரண்டாவது ஜாதியில் விஷயம் வேறு. அங்கே பழசு பல சமயம் புதுசை விட ஒசத்தி.

செயினை எடுத்துக்கொள்ளலாம். பழைய செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசிவிட்டால் புதுசு மாதிரிதான் இருக்கும். அதன் வயது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளிந்திருக்கிறது. செயின் 'இழுத்துவிட்டது' என்று சொல்கிறோமே தவிர, அதன் தகடுகள் ரப்பர் போல நீள்வதில்லை. கண்ணிகளுக்கு உள்ளே இருக்கும் பின்னும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. ஒரு கண்ணியில் கால் மில்லிமீட்டர் என்பது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் ஒரு செயினில் கண்ணிகள் நூற்றுக்கு மேல்.

இதை அளந்து பார்க்க ஸ்கூல் பையனின் அடிஸ்கேல் போதும். 100 சிசி வண்டிகளில் வழக்கமாக ஓடும் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் 254 மி.மீ. இருக்க வேண்டும். அது 259ஐத் தொட்டுவிட்டால், அதாவது 2 சதவீதம் கூடிவிட்டால், செயின் முடிந்தது. ஸ்கேல் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: செயினைக் கழற்றி, பின்கள் மேலும் கீழும் நிற்கும்படி படுக்கைவாட்டில் இரு முனையையும் பிடித்தால், நல்ல செயின் கொஞ்சம்தான் தொய்யும், தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். கழற்றாமலே பார்க்கவும் முடியும். பின்பக்கப் பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினை விரலால் வெளியே இழுத்தால் பாதிப் பல் தெரிகிறதா? அப்படியென்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

நீண்ட செயின் பல்லின் பள்ளத்தில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறி ஓடும். பல் கொக்கி போல வளையும். வளைந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால், அந்தக் கொக்கி புதுச் செயினையும் சீக்கிரமே கெடுத்துவிடும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் சேர்த்து செட்டாக மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக்கின் பேராசை அல்ல. வட இந்தியாவில் இதற்குப் பெயரே 'செயின்-கராரி'. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் முன்னால் இருப்பது மூன்று முறை சுற்றிவிடுகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று மடங்கு அடி. முன் பல்சக்கரம் கவருக்குள் மறைந்திருப்பதால் அதை யாரும் பார்ப்பதும் இல்லை. பாதிப் பேர் செயினையும் பின்பல்லையும் மாற்றிவிட்டு முன்பல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரம் ரூபாயை அழிப்பதற்கு இதை விடச் சுருக்கமான வழி கிடையாது.

பழைய பல்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது இன்னொரு வித்தை. தேயாத பக்கம் இப்போது செயினைத் தாங்கும். இருபுறமும் ஒரே மாதிரி அமைந்த பல்சக்கரமாக இருந்தால் இது நடக்கும். ஊருக்குத் திரும்பிச் சேருவதற்கு உதவும். அதற்கு மேல் நம்புவது வீண்.

செயின் விஷயத்தில் கஞ்சத்தனம் ஏன் ஆபத்து என்பது அது அறுகிற நாளில் தெரியும். அறுந்த செயின் வெறுமனே ரோட்டில் விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் முன் பல்சக்கரத்தைச் சுற்றிக் குவிந்தால் கிராங்க் கேஸை உடைத்துக்கொண்டு போகும். பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வரும் ஹைவேயில் அது உயிர்ப் பிரச்னை. புதுச் செயினே வாங்கினாலும், இணைப்புக் கண்ணியின் லாக்கை எந்தத் திசையில் போடுகிறார்கள் என்று நின்று பார்க்க வேண்டும். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசி லாக் கழன்றுவிடக்கூடும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிறு திருப்தி. வடக்கே எந்த ஊர்க் கடையிலும் கவுண்டருக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் நல்ல செயின் பெட்டிகளில் ரோலான், டயமண்ட் என்ற பெயர்கள் தவறாமல் கண்ணில் படும். முதலாவது கோயம்புத்தூர் எல்.ஜி.பாலகிருஷ்ணன் நிறுவனத்துடையது. இரண்டாவது சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸுடையது. புல்லட்டும் 1955இலிருந்து சென்னைத் தயாரிப்புதான்.

இனி அந்தப் பால்காரரின் கியருக்கு வரலாம். கியர் நழுவுவதற்குக் காரணம் சுற்றியுள்ள பல் அல்ல. பக்கவாட்டில் துருத்திக்கொண்டு அடுத்த கியரின் துளையில் போய்க் கோத்துக்கொள்ளும் தடித்த கட்டைப்பற்கள் உண்டு. வருஷக்கணக்கில் கிளட்சை முழுதாகப் பிடிக்காமல் கியர் தட்டியதில் அவற்றின் விளிம்பு மழுங்கிவிடுகிறது. மழுங்கிய விளிம்பு பிடிக்காது. அழுத்தம் வந்ததும் வழுக்கி வெளியே வந்துவிடும். கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருந்தாலும் இதே வியாதிதான். அதைப் பார்க்காமல் கியரை மட்டும் மாற்றினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கியரின் உயிர் அதன் தோலில் இருக்கிறது. உள்ளே அடி தாங்குகிற, சற்று மென்மையான எஃகு. மேலே உலையில் போட்டுக் கெட்டிப்படுத்திய தோல், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பெனிகள் நேரமும் பணமும் செலவழிப்பது அந்தத் தோலுக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதால் போலி தயாரிப்பவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். அளவு சரியாக இருக்கும், பளபளப்பு கூடுதலாகவே இருக்கும். ஆனால் தோல் இருக்காது. சில மாதத்தில் பல் மாவாகி எண்ணெயில் கலந்து, கியர் பாக்ஸில் உள்ள மற்றதையும் தின்றுவிடும். இதற்கு மாறாக, இருபது வருஷம் ஓடிய ஒரிஜினல் கியர் தன் பரீட்சையை ஏற்கெனவே எழுதி முடித்தது. தோல் கெடாமல் இருந்தால் இன்னும் இருபது வருஷம் ஓடும்.

அதைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் பையில் ஒரு அரம் வைத்திருப்பார்கள். பல்லின் ஓரத்தில், வேலை செய்யாத இடத்தில், அரத்தை லேசாக இழுத்தால் கெட்டித்தோல் உள்ள கியரில் அது கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும். கவ்வினால், துகள் வந்தால், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடலாம். (கடைக்காரர் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. அரத்தைக் கண்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.) பிறகு நகத்தால் பல்லின் முகத்தைத் தடவ வேண்டும். அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் தட்டுப்பட்டால் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கட்டைப்பற்களின் மூலை கூராக இருக்க வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் இல்லாமல் காய்ந்து ஓடியது. மழுங்கிய மூலையில் வெல்டிங் வைத்து ராவி விற்பதும் உண்டு. வெல்டிங் சூட்டில் பழைய கெட்டித்தன்மை போய்விடும். வேறு நிறத்தில் தெரியும் திட்டுதான் அடையாளம்.

சேர்ந்து தேய்ந்த ஜோடியைப் பிரிக்காமல் வாங்குவது உத்தமம். ஒரு கியர் பழசு, அதன் ஜோடி புதுசு என்றால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு ஊளையிடும்.

உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சிகூடக் கிடையாது; செகண்ட்தான் கதி. மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடப்பட்டது. ஜாவா பெயர் 2018இலும் எஸ்டி 2022இலும் திரும்பி வந்தன. ஆனால் வந்தவை புது இஞ்சின் கொண்ட புது வண்டிகள். பழைய எஸ்டியின் கியருக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யமஹா ஆர்.எக்ஸ்.100 விற்பனை 1996இல் நின்றது. ராஜ்தூத் 350 அதற்கும் முன்பே போய்விட்டது. அதன் ஆறு கியர் பாக்ஸின் நல்ல செட் ஒன்று கிடைத்துவிட்டால் சொந்தக்காரர் விலை பேசுவதில்லை. இந்த வண்டிகளுக்குப் புதுசு என்று கடையில் வருபவை ஏதோ ஒரு லேத் பட்டறையில் பழையதைப் பார்த்துச் செய்தவை. அவற்றில் நன்றாக இருப்பவையும் உண்டு. ஆனால் அரம் தேவைப்படுகிறது.

பழைய புல்லட்டில் இன்னொரு வம்பு. பின் பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. 38 பல்லும் தேய்ந்தால் டிரம்மையே மாற்ற வேண்டும். செகண்டில் டிரம் வாங்குகிறவர்கள் பல்லை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். உள்ளே பிரேக் ஷூ உரசும் பரப்பில் விரல் விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். பல்லுக்காக வாங்கி பிரேக்கை இழந்தவர்கள் நிறைய.

பேரிங்குகளில் யோசிக்க அதிகமில்லை. புதுசுதான். பழைய பேரிங்கைக் கழற்றும்போது விழும் சுத்தியல் அடியிலேயே அதன் பாதி ஆயுள் போயிருக்கும். நல்ல சேதி என்னவென்றால் இவை உலகப் பொது அளவுகளில் வருகின்றன. 6204 என்று பொறித்திருந்தால் உள்துளை 20, வெளிவட்டம் 47, தடிமன் 14 மி.மீ.; எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் மாறாது. ஆகவே வண்டிக் கம்பெனிப் பெட்டிக்குக் காத்திருக்காமல், நம்பகமான பேரிங் வியாபாரியிடம் எண்ணைச் சொல்லி வாங்கிவிடலாம். ஆயில் சீலுக்கும் புதுசே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இஞ்சின் பிரிக்கிற இடத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. ஐம்பது ரூபாய் சீலுக்காக இஞ்சினை இரண்டாம் முறை பிளந்தால், மெக்கானிக் கூலியோடு ஒருநாள் வருமானமும் சேர்ந்து போகிறது.

கிளட்ச் மட்டும் இரண்டும் கெட்டான். உராயும் பிளேட்டுகள் புதுசாகவே வேண்டும். ஆனால் இடையில் வரும் வெறும் எஃகுத் தகடுகள் நீலம் பாயாமல், கண்ணாடிப் பலகையில் வைத்தால் ஆடாமல் படிந்து உட்கார்ந்தால், பழையவையே போதும். பிளேட்டுகளைத் தாங்கும் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தால் கிளட்ச் பிடித்துப் பிடித்து விடும். லேசான பள்ளத்தை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். ஆழமாகிவிட்டால், நல்ல நிலையில் ஒரு பழைய ஒரிஜினல் கூடை தேடுவது லோக்கல் புதுசை விடப் புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னது இரும்பைப் பற்றி. அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி.

தில்லியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை பல வருஷங்களாக மலிவு பாகங்களுக்குப் பேர்போனது. தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் திருடுபோகும் வண்டிகள் அங்கே துண்டுதுண்டாகப் பிரிந்து காணாமல் போகும் என்பது ஊரறிந்த ரகசியம். 2021இல் உத்தரப்பிரதேச போலீஸ் தொடர்ந்து வழக்குப் போட்டு, சொத்துகளை முடக்கி, அந்த ஆண்டு டிசம்பரில் கடைகளை இழுத்து மூடவைத்தது. பிரதமரே அதே மாதம் ஷாஜஹான்பூர் மேடையில் அதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு சோதிகஞ்ச்சின் புகழ் பரவியிருந்தது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் கியர், யாரோ ஒரு பால்காரர் இழந்த புல்லட்டினுடையதாக இருக்கலாம். சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற நோக்கத்தோடு வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு சொன்னது அது. 2024 ஜூலை முதல் அதே விஷயம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் இருக்கிறது.

தனிக் கியரில் எண் எதுவும் கிடையாது. அதன் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இஞ்சின் கூடு அப்படியல்ல. பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் இஞ்சினிலிருந்து தனி; கூட்டோடு மாற்றினாலும் இஞ்சின் எண் மாறாது. பிற்கால வண்டிகளில் இஞ்சினும் கியரும் ஒரே கிராங்க் கேஸுக்குள். கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது என்று அரை இஞ்சினாக வாங்கி மாட்டினால், கூடவே வேறொருவரின் இஞ்சின் எண்ணும் வீட்டுக்கு வந்துவிடும். ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று, வண்டியில் ஒன்று. முதல் போலீஸ் சோதனையிலோ, விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ விளக்கம் சொல்லியாக வேண்டும். ராவி அழித்த எண் உள்ள கூட்டை எந்த விலைக்கும் தொடக்கூடாது.

2021 செப்டம்பரில் மத்திய அரசு பழைய வாகனங்களை உடைக்கும் பதிவுபெற்ற நிலையங்களுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. திருட்டு வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அங்கே ஒரு வண்டியை உடைக்க முடியும். ஆனால் பழைய பாகம் தேடுகிறவர்களின் கால்கள் இன்னும் காயலான் கடைப் பக்கமே நடக்கின்றன. பில் கேட்டால் அங்கே சிரிப்பார்கள். பில் தராதவர்களிடம் கடை விசிட்டிங் கார்டிலாவது என்ன பாகம், என்ன தேதி என்று எழுதி வாங்குகிறவர்கள் உண்டு. அதையும் எழுத மறுக்கும் கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

புதுசு என்றாலே நிம்மதி என்றும் சொல்வதற்கில்லை. கம்பெனிப் பெட்டி, கம்பெனி எழுத்து, உள்ளே யாரோ செய்த சரக்கு. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் இதற்கும் மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. இருந்தும் அச்சுக்கூடங்களுக்கு வேலை குறையவில்லை. கம்பெனியின் அதிகாரபூர்வ டீலரிடம் வாங்குவதுதான் ஓரளவு காப்பு. அங்கே விலை கடிக்கிறது என்பது நெடுநாள் புகார். மோட்டார் சைக்கிள் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. பில் போட்ட ஒரிஜினலுக்கும் பில் இல்லாத லோக்கலுக்கும் இருந்த தூரம் அந்த அளவுக்குக் குறைந்தது. 100 சிசி வண்டிக்கு நல்ல கம்பெனி செயின் கிட் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கும்போது, செயினைப் பழைய இரும்பில் தேடுவதற்குக் காரணமே இல்லை.

கரோல்பாக்கில் விஷயம் தெரிந்த பால்காரர் பிளாஸ்டிக் உறையைத் தள்ளி வைத்துவிட்டு, செய்தித்தாளைப் பிரித்து, மூன்றாவது கியரையும் அதன் ஜோடியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு அடுத்த கடையில் புது பேரிங், புது சீல், புதுச் செயின். கழற்றிய பழைய செயினை வாசலில் கிடக்கும் சாக்குப்பையில் போடச் சொன்னால் பையன் போட்டுவிடுவான். அது மண்ணெண்ணெய் குளியலுக்குப் பிறகு இன்னொரு கவுண்டருக்கு வந்துவிடும். அதனால் சிலர் போகும்போது அதை இரண்டாக வெட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.